‘கொடுத்தேன்’ என்று சொல்வதா, ‘எடுத்தார்’ என்று சொல்வதா? தெரிந்தவர் விற்றுவிட்ட நகையை மீட்கச் சட்டம் காட்டும் வழிகள்



தைப்பிங் வட்டாரத்தில் தமிழாசிரியராக இருப்பவர் பாடம் மட்டும் நடத்துவதில்லை. தோட்டம் மூடப்பட்டு கமுந்திங், சிம்பாங், ஆவுலோங் என்று தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களில், கடிதம் எழுத வேண்டுமென்றாலும் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் பிள்ளையின் ஆசிரியரைத் தேடி வருவது இன்னும் நின்றுபோகவில்லை. அப்படி வரும் கேள்விகளில் ஒன்று இது: “தெரிஞ்சவங்கதான் டீச்சர். நகைய எடுத்து வித்துட்டாங்க. எப்படிப் போய் ரிப்போர்ட் போடுறது? போட்டாலும் திரும்பக் கிடைக்குமா?”

இந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு நகைதான் வங்கி. தோட்ட வேலை முடிந்தபோது கிடைத்த பணமும் சேமநிதிப் பணமும் சங்கிலியாகவும் வளையலாகவும் பீரோவில் இருக்கும். அது போனால் பிள்ளையின் படிப்புச் செலவோ கல்யாணச் செலவோ போனதாகத்தான் பொருள்.

நான் வழக்கறிஞர் அல்லேன். சொல்லைப் பார்த்துப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஆசிரியர். இந்தச் சிக்கலில் சட்டத்தின் கதவு எது என்பதை முடிவு செய்வதே ஒரு வினைச்சொல்தான். அதனால்தான் இதை நம் இதழில் எழுதுகிறேன்.

1. ஐந்து வினைச்சொற்கள், ஐந்து வழிகள்

நகை உங்கள் கையைவிட்டு எப்படிப் போனது? நடந்ததைச் சொல்லும்போது நாம் பொதுவாக “கொடுத்தேன், விற்றுட்டாங்க” என்று முடித்துவிடுகிறோம். சட்டம் அந்த இடத்தில் நிறுத்தி, “எப்படிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்கும்.

எடுத்தார். உங்களுக்குத் தெரியாமல், சம்மதம் இல்லாமல் எடுத்தார். இது திருட்டு. குற்றவியல் சட்டத்தின் 379ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் திருடினால் 380ஆவது பிரிவு. 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். வந்து போகும் உறவினர் பீரோவைத் திறந்து எடுத்தால் இந்தப் பிரிவுதான் பேசும்.

ஒப்படைத்தேன். “ஊருக்குப் போயிட்டு வர்றேன், பத்திரமா வெச்சிருங்க” என்று நம்பிக் கொடுத்தீர்கள், அவர் விற்றுவிட்டார். இது நம்பிக்கை மோசடி. மலாயில் பெச்சா அமானா. 406ஆவது பிரிவின்படி 1 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு.

இரவல் கொடுத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டார், கொடுத்தீர்கள், திரும்பி வரவில்லை. இதுவும் நம்பிக்கை மோசடியாகலாம். சூழ்நிலையைப் பொறுத்து, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைச் சொல்லும் 403ஆவது பிரிவிலும் வரலாம்.

ஏமாந்து கொடுத்தேன். பொய் சொல்லி உங்களையே கொடுக்கவோ விற்கவோ வைத்தார். இது 420ஆவது பிரிவு. தமிழில் ஏமாற்றுக்காரரை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்கிறோமே, அந்தச் சொல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இதே எண்ணிலிருந்து பிறந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து அந்த எண் மாறிவிட்டது. மலேசியாவில் 420 இன்னும் 420தான்.

விற்றுத் தரச் சொன்னேன். விற்க அனுமதித்தது நீங்களே. பணத்தை மட்டும் அவர் தரவில்லை. இங்கே வாங்கியவரிடமிருந்து நகையைக் கேட்க முடியாது. விற்பனை உங்கள் பெயரில் நடந்த விற்பனை. பணத்தை வைத்துக்கொண்டவர்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மொழிபெயர்ப்புப் பள்ளம் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலம் மலாயில் தட்டச்சாகும். ‘நகையைக் கொடுத்தேன்’ என்பதை அப்படியே ‘சாயா பெரி’ என்று சொன்னால், விருப்பத்தோடு தந்துவிட்டதாகவும் படிக்கலாம். பத்திரப்படுத்தக் கொடுத்திருந்தால் ‘சிம்பான்’, இரவலாகக் கொடுத்திருந்தால் ‘பிஞ்சாம்’ என்ற சொல் அறிக்கையில் இருக்க வேண்டும். கேட்காமல் எடுத்தது என்றால் ‘தன்பா இசின்’, அதாவது அனுமதியின்றி, என்பது இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லி, இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

2. விற்றுவிட்டால் உரிமை போய்விடுமா?

“வித்தாச்சு, இனி என்ன செய்ய முடியும்?” என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சட்டத்தின் அடிப்படை விதி அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. திருடியவருக்கு நகையில் உரிமை இல்லை; ஆகவே அவரிடம் வாங்கியவருக்கும் உரிமை வராது. வாங்கியவர் நல்லவராக இருந்தாலும், முழு விலை கொடுத்திருந்தாலும் இதே விதிதான்.

நம்பி ஒப்படைத்த பொருளுக்கும் இது பொருந்தும். லிம் சூய் லாய் எதிர் சீனோ நிறுவனம் என்ற 1964ஆம் ஆண்டு மலேசிய வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனம் வேலைக்கான பொருள்களை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் அவற்றை வேறொருவருக்கு விற்றுவிட்டார். பொருள் அவர் பொறுப்பில் இருந்ததே தவிர அவருக்குச் சொந்தமில்லை, எனவே வாங்கியவருக்கு உரிமை சேராது என்பதே தீர்ப்பு.

ஏமாந்து நீங்களே விற்ற பொருளுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. லண்டன் நகைக்கடை ஒன்றில் 1918இல் நடந்தது இது. ஒருவர் வந்து தன்னைப் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்டு 3,000 பவுனுக்குக் காசோலை எழுதினார். மனைவிக்குப் பிறந்தநாள் என்று சொல்லி 450 பவுன் மோதிரத்தை மட்டும் அப்போதே வாங்கிப் போனார். காசோலை திரும்பி வந்தது. மோதிரமோ அதற்குள் அடகுக்கடையில் 350 பவுனுக்கு அடகு வைக்கப்பட்டுவிட்டது. 1919இல் ஃபிலிப்ஸ் எதிர் புரூக்ஸ் வழக்கில் அடகுக்கடை வென்றது. ஏமாந்தாலும் கடைக்காரர் மோதிரத்தை விற்றுத்தான் இருக்கிறார். அந்த விற்பனையை அவர் ரத்து செய்வதற்கு முன்பே மோதிரம் கைமாறிவிட்டது என்பது காரணம். நம் சட்டத்தின் 29ஆவது பிரிவும் இதே வகையில் அமைந்தது: விற்பனை ரத்தாவதற்கு முன், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் காப்பாற்றப்படுவார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 1960இல் கால்டுவெல் என்பவர் காருக்கு வாங்கிய காசோலை செல்லாது என்று தெரிந்த அன்றே போலீசிடம் போனார். ஏமாற்றியவரைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில், அவர் போலீசிடம் சொன்னதே விற்பனையை ரத்து செய்ததாகும் என்று நீதிமன்றம் ஏற்றது. அதற்குப் பின் நடந்த விற்பனை செல்லவில்லை. இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. வழிகாட்டுதலாக எடுத்துச் சொல்லப்படும். நமக்கு இதில் உள்ள பாடம், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உரிமையையே கரைக்கலாம் என்பது.

3. முதல் சில நாள்களில் செய்ய வேண்டியவை

தங்கம் கைபேசி மாதிரி இல்லை. உருக்கிவிட்டால் அடையாளம் போய்விடும். பழைய நகை வாங்கும் கடைக்குப் போனது அதிக நாள் அப்படியே இருக்காது. அடகுக்கடைக்குப் போனதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டத்தின்படி மீட்பதற்கு ஆறு மாதம் தரப்படுகிறது. அதற்குப் பின் நகை ஏலத்துக்குப் போகலாம். ஆகவே நகை விற்கப்பட்டதா, அடகு வைக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அடகுச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் போலீசிடம் சொல்லுங்கள்.

போலீஸ் புகாரை எங்கே செய்வது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, மலேசியாவில் எங்கு நடந்த குற்றமானாலும் தகவலைப் பெற்றுக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை. நகை பினாங்கில் விற்கப்பட்டிருந்தாலும் தைப்பிங்கில் புகார் செய்யலாம். புகாரின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எப்படி எழுதுவது? இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். இரண்டும் பயிற்சிக்காக எழுதியவை.

தெளிவற்றது: “என் சங்கிலியைத் தெரிந்தவரிடம் கொடுத்தேன். அவர் ஏமாற்றி விற்றுவிட்டார். எனக்கு நியாயம் வேண்டும்.”

தெளிவானது: “மார்ச் 12ஆம் தேதி மாலை சுமார் 5 மணிக்கு, நான் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்ததால், என் தங்கச் சங்கிலி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். எடை 24 கிராம். கொக்கியின் அருகே பற்றுவைத்த தழும்பு உண்டு. விற்கவோ அடகு வைக்கவோ நான் அனுமதி தரவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி திருப்பிக் கேட்டபோது, விற்றுவிட்டதாக என்னிடம் நேரில் சொன்னார். அப்போது என் மகளும் உடன் இருந்தார்.”

முதல் மாதிரியில் மூன்று வாக்கியம். அதில் ‘கொடுத்தேன்’, ‘ஏமாற்றி’ என்று இரண்டு சட்டக் கதவுகள் குழம்பிக் கிடக்கின்றன. இரண்டாவதில் எப்போது, எதற்கு, எந்த நிபந்தனையில், யார் சாட்சி என்பது எல்லாம் இருக்கிறது. கோபம் மட்டும் இல்லை. போலீசுக்குத் தேவை அதுதான்.

புகார் செய்து நான்கு வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையா? 107ஏ பிரிவைப் பயன்படுத்துங்கள். போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் செய்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். விசாரணையைப் பாதிக்கும் விவரங்களை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞர் தரப்பிடம் முறையிடலாம். இதைக் கடிதமாக எழுதிக் கொடுப்பது நல்லது.

4. இது என் நகைதான் என்று எப்படிக் காட்டுவது?

இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராத தமிழாசிரியர் இருக்க மாட்டார். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த பொருளை, உரியவர் மட்டுமே அறிந்த உள் அடையாளம் பிரித்துக் காட்டியது. இன்றும் நகையை அடையாளம் காட்டுவது இந்த முறையில்தான்.

கடை ரசீது இருந்தால் நல்லது. தட்டான் செய்து கொடுத்த பழைய நகைக்கு ரசீது இருக்காது. அப்போது கல்யாணப் படம், அந்த நகையோடு எடுத்த குடும்பப் படம், முன்பு நீங்களே அடகு வைத்து மீட்ட பழைய சீட்டு, பற்றுவைத்த இடம், மாற்றிய கொக்கி, பொறித்த எழுத்து எல்லாமே சான்றுதான். வாட்ஸ்அப்பில் ‘அக்கா மன்னிச்சிருங்க, அடுத்த மாசம் தந்துடுறேன்’ என்று செய்தி வந்திருந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அது இருக்கும் கைபேசியையும் பத்திரமாக வையுங்கள்.

களவு நடந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்தால், அவர் திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்க 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அவருக்குக் கணக்குச் சொல்லும் வாய்ப்பு உண்டு. கோவலனுக்குக் கிடைக்காமல் போனது அந்த வாய்ப்புத்தான். எனவே கையில் இருப்பவரைக் கண்டதும் ‘திருடன்’ என்று முடிவுகட்டாதீர்கள். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம்.

5. நகையும் பணமும் திரும்பி வரும் வழிகள்

குற்ற வழக்கின் வழியே. போலீஸ் நகையைக் கைப்பற்றினால் அது உடனே உங்கள் கைக்கு வராது. வழக்கில் சான்றாக இருக்கும். யாரிடம் ஒப்படைப்பது என்பதை மாஜிஸ்திரேட் அல்லது வழக்கை விசாரித்த நீதிமன்றம் முடிவு செய்யும். அடகுக்கடைக்காரரும் தான் கொடுத்த கடனைச் சொல்லி எதிர்வாதம் வைக்கலாம். நகை கிடைக்காமல் போனாலும் ஒரு வழி இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானதும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி நடைமுறைச் சட்டத்தின் 426ஆவது பிரிவின்கீழ் உத்தரவிடலாம். அதற்கு அரசு வழக்கறிஞர் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நகையின் மதிப்பைக் காட்டும் தாள்களோடு உங்கள் கோரிக்கையை விசாரணை அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். தீர்ப்பு நாளில் போய்ச் சொன்னால் நேரம் கடந்திருக்கும்.

உரிமையியல் வழக்கின் வழியே. பொருளைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் மதிப்பைக் கொடு என்று விற்றவர் மேலும், வாங்கி வைத்திருப்பவர் மேலும் வழக்குத் தொடரலாம். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணைப்படி 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கையைச் சிறு வழக்காக, வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் பாரத்தை நிரப்பி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதியலாம். அதற்கு மேல் 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே வழக்கமான வழக்கு. 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு இதைக் கொண்டு போவதில் பயனில்லை. அது வணிகருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்குக்கானது. உங்களுக்குத் தெரிந்தவர் வணிகர் அல்லர்.

காலவரம்பு உண்டு. 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி பொதுவாக 6 ஆண்டு. அதைத் தாண்டினால் வழக்குத் தொடரும் உரிமையோடு பொருளின் மேல் உள்ள உரிமையும் அற்றுப்போகலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் ஜபாத்தான் பந்துவான் குவாமான் எனப்படும் சட்ட உதவித் துறையையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். வருமான விவரம் கேட்பார்கள், தாள்களோடு போங்கள்.

வாங்கியவருக்கும் வழி உண்டு. 1923இல் இங்கிலாந்தில் ரோலண்ட் எதிர் டிவால் வழக்கில், 334 பவுனுக்கு வாங்கிய கார் திருட்டுக் கார் என்று தெரிந்து போலீஸ் எடுத்துப்போனது. சில மாதம் ஓட்டியிருந்தும், விற்றவரிடமிருந்து முழு விலையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவும் விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை விற்பனையின் நிபந்தனையாக வைக்கிறது. உங்கள் நகையை வாங்கியவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் உங்களோடு சண்டை போடுவதைவிட, விற்றவரிடம் பணம் கேட்பதே அவருக்கு நல்லது.

மாணவர்களே, பாதி விலைக்குக் கைபேசி தருகிறேன் என்று நண்பன் சொன்னால் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 411ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

6. செய்யக்கூடாதவை

தெரிந்தவர் என்பதால் வரும் தடுமாற்றம் பெரியது. “அவங்க பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறாங்க, இப்பப் போயா போலீஸ்?” என்பார்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதில் தவறில்லை. பேசும்போது நாள் குறித்து, கையெழுத்து வாங்கி, எழுத்தில் முடியுங்கள். ஆனால் “பணத்தைக் கொடுத்தா ரிப்போர்ட் போட மாட்டேன்” என்று குற்றத்தை மறைப்பதையே விலையாக வைத்துப் பேரம் பேசாதீர்கள். குற்றவாளியைத் தப்பவைக்கப் பணமோ பொருளோ பெறுவது 213ஆவது பிரிவின்படி குற்றம். திருப்பித் தரப்படுவது உங்கள் சொந்தப் பொருளாக இருந்தாலும் அப்படித்தான். புகார் பதிவான பிறகு வழக்குத் தொடர்வதா இல்லையா என்பது உங்கள் கையிலோ அவர் கையிலோ இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது விதி அதை அரசு வழக்கறிஞரிடம் விட்டிருக்கிறது. “நான் வாபஸ் வாங்கிடுறேன்” என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுத் ‘திருடி’ என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். அவர் வீட்டுக்குள் புகுந்து தேடுவதும், ஆள் வைத்து மிரட்டுவதும் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும்.

7. வகுப்பறைக்கு

அறிக்கையும் புகார்க் கடிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேலே உள்ள தெளிவற்ற மாதிரியை மாணவர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். எடுத்தார், ஒப்படைத்தேன், இரவல் கொடுத்தேன், ஏமாந்து கொடுத்தேன், விற்றுத் தரச் சொன்னேன் என்ற ஐந்து வினைகளுக்கும் ஒவ்வொரு சிறு அறிக்கை எழுதவையுங்கள். உணர்ச்சிச் சொற்களை நீக்கி, நாள், நேரம், இடம், நிபந்தனை, சாட்சி ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் மலாய் ஆசிரியரோடு சேர்ந்து அதே அறிக்கையை மலாயிலும் எழுதவைத்து, ‘கொடுத்தேன்’ எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள்.

இன்னொரு வீட்டுப்பாடமும் கொடுக்கலாம். வீட்டில் உள்ள நகைகளைப் பெற்றோரோடு சேர்ந்து படம் எடுத்து, எடையையும் அடையாளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். நகை இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வைக்கச் சொன்னால் போதும்.